விளிம்பில்லாத ஈயம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து மாலதி வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்றபோது காலியான நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். அங்கே புதிதாக ஒரு கணிப்பொறி வந்து இறங்கியிருக்கிறதாம். திண்மம் எப்படி உருகித் திரவமாகிறது என்ற கணக்கை, ஒவ்வோர் அணுவாக நகர்த்திப் பார்த்து, அவள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் அது போட்டு முடித்துவிடுகிறதாம். “நீங்கல்லாம் இதைக் கையால எப்படி மேடம் போட்டீங்க?” என்று கேட்டாள். கேட்ட தொனியில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. எனக்குப் பரிதாபம் பிடிக்காது. மதியச் சாப்பாடு வரை அவளைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னேன். அவள் பஸ் ஏறிப் போன பிறகும் எனக்குச் சொல்லித் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஸ்டெல்லா, ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மாமாக்கள் கடலுக்குப் போனார்கள். இன்டர்மீடியட்டில் கணக்கில் நிறைய மதிப்பெண் வாங்கியதுதான் நான் செய்த ஒரே குற்றம். மேலே படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. கல்யாணம் செய்து கொடுக்க மட்டும் அம்மாவுக்கு ஏகப்பட்ட அவசரம். நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆராய்ச்சிக்கு இரண்டு கணக்கீட்டாளர்கள் தேவை என்று சர்ச்சுப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை பார்ப்பதற்கு முன் வேலையைப் பார்த்துவிட்டேன்.

நேர்முகத்தில் டாக்டர் சபேசன் தனியாக உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் நாலைந்து பென்சில், எல்லாம் ஊசி மாதிரி சீவியவை. சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஈயம் உருகறதைப் பார்த்திருக்கீங்களா அம்மா?” என்று கேட்டார்.

“பார்த்திருக்கேன் சார். எங்க வீட்டுல வலைக்கு ஈயக் குண்டு வார்ப்பாங்க.”

“எங்கேருந்து உருக ஆரம்பிக்கும்?”

“ஓரத்துலேருந்து.”

“நெருப்பு வெளியே இருக்கு, அதனால ஓரம் முதல்ல சூடாகுது. அது பெரிய விஷயமில்லை. கட்டி முழுக்க ஒரே சூடா இருந்தா எங்கேருந்து ஆரம்பிக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். “எனக்கும் தெரியாது. நாளைக்கு வந்துடுங்க” என்றார். இந்தக் கதையைச் சொன்னால் இளையவர்கள் உடனே, “பாருங்க மேடம், நீங்க மொதல் நாளே கண்டுபிடிச்சிட்டீங்க” என்பார்கள். ஒரு மண்ணும் கண்டுபிடிக்கவில்லை. சார் சொன்ன காரணம்தான் சரி. வலைக்கு ஈயம் வார்த்த குடும்பத்தில் பிறந்ததற்காக எனக்கு மாலை போட வேண்டாம்.

எங்கள் அறை ஒரு தோல் கிடங்கின் மாடியில் இருந்தது. கல்லூரியில் இடமில்லாமல் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கீழே தோல் நாற்றம். ஜன்னலுக்கு நேர் கீழே துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை. கூட்ஸ் வண்டி போனால் மேஜை, நாற்காலி, தண்ணீர்க் குவளை எல்லாம் நடுங்கும். நடுவில் பெரிய மர பீரோ. பீரோவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தர்மராசு. இருவர் முன்னாலும் கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம்.

தர்மராசு புளியந்தோப்புக்காரன், என் வயதுதான். வீட்டில் புத்தர் படம் மாட்டியிருப்பார்கள். அவன் அப்பா பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை பார்த்தார். அங்கேயே மகனுக்கும் ஒரு குமாஸ்தா வேலை தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு இங்கே வந்தவனிடம் அவர் பேச்சையே நிறுத்தியிருந்தார்.

அந்த பீரோ ஒரு காரணத்தோடுதான் நடுவில் நின்றது. ஒரே கணக்கை நாங்கள் இருவரும் தனித்தனியாகப் போட வேண்டும். நடுவில் பேசக் கூடாது, ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. முடிந்த பிறகு ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். அதையும் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். முன்னாலிருந்து படித்தால் முதல் மூன்று இலக்கம் ஒத்துப்போனதுமே மனசுக்குச் சோம்பல் வந்துவிடும், மிச்சமும் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடும் என்பது சாரின் கட்சி. ஒருவர் இலக்கத்தைச் சொல்ல வேண்டும். தன்னிடமும் அதுவே இருந்தால் மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வாயைத் திறக்கக் கூடாது. அறையில் சத்தம் நின்றால் எங்கோ பிழை என்று அர்த்தம்.

வேலையில் சேர்ந்த வாரத்தில் அம்மா திடீரென்று மாடி ஏறி வந்து நின்றாள். வயசுப் பெண்ணும் வயசுப் பையனும் ஒரே அறையில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத்தான். பீரோவைப் பார்த்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு “ஏழு”, “ஏழு”, “ரெண்டு”, “ரெண்டு” என்று கத்திக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தாள். “இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?” என்று சாரிடமே கேட்டுவிட்டு நிம்மதியாக இறங்கிப் போனாள்.

இயந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்களுக்குரிய சிறு நெம்புகோல்களை நகர்த்தி வைத்துக் கைப்பிடியை முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். வகுத்தல் என்றால் கழித்துக்கொண்டே போக வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினதும் உள்ளே ‘டிங்’ என்று மணி அடிக்கும். அதிகமாகப் போய்விட்டாய் என்று அர்த்தம். ஒரு சுற்று திரும்பக் கூட்டி, ஓர் இடம் தள்ளி, மறுபடி கழிக்க வேண்டும். நாள் முழுக்க இரண்டு பக்கமும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கீழே தோல் சுமப்பவர்கள் மாடியில் பூசை நடக்கிறது என்று நினைத்தார்களாம்.

சார் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. பிழை கண்டால், “இன்னொரு தடவை பார்க்கலாமா?” என்பார். ‘தப்பு’ என்ற சொல் அவர் வாயில் வராது. ஒரு கணக்கு முடியப் போகும்போது எங்கள் இருவரையும் எழுப்பி, விடை எவ்வளவு வரும் என்று அவரவர் ஊகத்தைச் சுவரில் சாக்பீஸால் எழுதச் சொல்வார். தானும் எழுதுவார். பெரும்பாலும் அவருடையதுதான் தூரமாக இருக்கும். அப்போது சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பார். விடை ஊகத்தோடு ஒத்துப்போகும் நாளில்தான் அவர் முகத்தில் சந்தேகம் தெரியும்.

அவருடைய கேள்வி எளிமையானது. திண்மத்தில் ஒவ்வோர் அணுவும் தன் இடத்தில் நின்று நடுங்குகிறது. சூடு ஏற ஏற நடுக்கம் கூடுகிறது. ஈயக் கட்டியைப் பக்கவாட்டில் தள்ளினால் அது எதிர்த்து நிற்கும், தண்ணீர் நிற்காது. அப்படியென்றால் நடுக்கம் கூடக் கூட அந்த எதிர்ப்பு எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடலாம். எதிர்ப்பு எந்தச் சூட்டில் பூஜ்யமாகிறதோ அங்கே ஈயம் உருக வேண்டும். சோதனைச்சாலை வேண்டாம், உலை வேண்டாம். அணுவுக்கும் அணுவுக்கும் இடையே உள்ள விசையைக் கொண்டே உருகுநிலையைச் சொல்லிவிடலாம். வெறும் தாளில் ஈயத்தை உருக்கப் போகிறோம் என்பதில் எனக்கும் தர்மராசுவுக்கும் தலைகால் புரியாத பெருமை.

நாங்கள் கண்டுபிடிக்கும் உருகுநிலையை உண்மையான உருகுநிலையால் வகுப்போம். எல்லாம் சரியாக இருந்தால் விடை ஒன்று என்று வர வேண்டும். ஈயத்துக்கு ஒன்றுக்கு மேல் வந்தது. சார் சுவரைப் பார்த்தார். “இன்னொரு தடவை பார்க்கலாமா?” என்றார். பார்த்தோம், அதேதான். சோடியம் போட்டோம், ஒன்றுக்கு மேல். அலுமினியம், ஒன்றுக்கு மேல். எந்த உலோகத்தைத் தொட்டாலும் எங்கள் தாளில் அது உருக வேண்டிய சூட்டைத் தாண்டியும் உருகாமல் கல் மாதிரி நின்றது.

எங்களுக்குச் சம்பளம் தந்தது டில்லியிலிருந்த ஒரு வாரியம். மூன்று வருஷக் கொடை முடியும் தறுவாயில் இருந்தது. நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வாரியத்தின் உறுப்பினர் ஒருவர் நேரில் வருவதாக இருந்தது. வருவதற்கு முன்பே, விடைகளைப் பார்த்துவிட்டுத் தன் கருத்தைச் சொல்லி அனுப்பியிருந்தார். கோட்பாடு நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்ட கைகள்தான் சரியில்லை, பட்டம்கூட இல்லாத இருவரை வைத்து இப்படிப்பட்ட வேலையைச் செய்யலாமா என்பது அவர் கருத்து. சார் அதை எங்களிடம் மறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது.

வேலை போவது ஒரு பக்கம். எண்ணூரில் ஒரு மாப்பிள்ளையை அம்மா தயாராக வைத்திருந்தாள், வேலை போன மறு மாதம் முகூர்த்தம்தான். அதைவிட, பிழையாகக் கணக்குப் போட்டு வெளியேற்றப்பட்டவள் என்று பெயர் வாங்கினால் ஊரில் எந்த அலுவலகம் என்னைச் சேர்க்கும்? தர்மராசு அன்று பீரோவுக்கு அந்தப் பக்கம் மணியே அடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“இஸ்டெல்லா, நெசமாவே நம்ம கணக்கு தப்பா இருக்குமா?” என்று சட்டத்தை மீறிக் கேட்டான். “எங்கப்பன் இப்பவே என்னைப் பார்த்தா மூஞ்சத் திருப்பிக்கினு போறாரு. வேல வேற பூட்ச்சின்னா வூட்டாண்ட போவவே முடியாது.”

“ரெண்டு பேரும் ஒரே மாதிரி தப்பு போட முடியுமாடா?”

“அத்த கோட்டுக்காரன் கையில யாரு சொல்றது?”

டில்லிக்காரருக்கு அவன் பார்க்காமலே வைத்த பெயர் அது. சார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வந்து பீரோவின் மேல் கையை வைத்தார். “ஈயத்தை மட்டும் முதல் வரியிலிருந்து மறுபடி போடலாம். இந்தத் தடவை பழைய தாள் எதையும் பார்க்காமப் போடுங்க. இயந்திரத்தையும் மாத்திக்குங்க” என்றார். பிறகு, “ஒண்ணு கவனிச்சீங்களா? கைப்பிழைன்னா சில விடை கீழேயும் விழணும். எல்லாமே மேலதான் விழுது” என்றார். அவர் எங்களைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போட்டோம். வாரக்கணக்கில் ஓடியது. சாப்பிடும்போதும் கை சுற்றுகிற மாதிரியே இருக்கும். முடிந்த அன்று முதுகைத் திருப்பி உட்கார்ந்து கடைசி இலக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். எங்கேயும் சத்தம் நிற்கவில்லை. பழைய விடை, ஓர் இலக்கம் மாறாமல். சந்தோஷப்படுவதா அழுவதா தெரியவில்லை. கணக்கு சரி, ஈயம் உருகவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் சார் எங்களுக்கு வேலையே தரவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் காதர் பாய் என்பவர் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். சார் தர்மராசுவைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்ப் பழைய சைக்கிள் பேரிங்குகளை உடைத்து எடுத்த இரும்புக் குண்டுகளை ஒரு டப்பா நிறைய வாங்கி வந்தார். கூடவே ரயில் நிலையக் கடிகாரம் ஒன்றின் உப்பலான கண்ணாடி.

“பாய் இன்னா கேட்டாரு தெரியுமா?” என்று தர்மராசு சிரித்தான். “‘இன்னா நைனா, வாத்தியாரு கோலி வெளையாடப் போறாரா’ன்னாரு. சாரு ஆமான்ட்டாரு.”

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தால் ஆழமில்லாத தட்டு. அதில் குண்டுகளைக் கொட்டினால் அவை தாமாகவே நடுவுக்கு உருண்டு வந்து, தேன்கூடு மாதிரி ஒழுங்காக, ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு என்று அடைந்துகொள்ளும். சாருக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடித்திருந்தது. தாளில் மூன்று வருஷமாக எழுதிய திண்மத்தை முதல் தடவையாகக் கண்ணால் பார்க்கிறேன் என்றார். நாங்கள் மூவரும் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது கீழே நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி போயிற்று.

அறை நடுங்கியது. தட்டு நடுங்கியது. குண்டுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே துடித்தன. வண்டியின் கனமான பெட்டிகள் வந்தபோது வெளி வரிசையில் இருந்தவை விடுபட்டு ஓடத் தொடங்கின. உள்ளே இருந்தவை அசையாமல் நின்றன. பிறகு அடுத்த வரிசை விட்டது, அதற்கடுத்தது.

“ஓரத்துல கீறதுதான் சார் மொதல்ல கழண்டுக்குது” என்றான் தர்மராசு. “உள்ள கீறதுக்குச் சுத்தி ஆறு பேரு புடிச்சிக்கினு கீறான். ஓரத்துல கீறவனுக்குப் பாதிப் பேருதான்.”

 வண்டி போய்க் குண்டுகள் மறுபடி அடைந்த பிறகும் சார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நடுக்கம் எல்லாக் குண்டுக்கும் ஒண்ணுதானே?” என்று தனக்குத் தானே கேட்பது போலக் கேட்டார். “நெருப்பு வெளியேருந்து வரலையே. இந்தத் தட்டு முழுக்க ஒரே சூடு. அப்படியும் ஓரம்தான் முதல்ல போகுது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஸ்டெல்லா, நம்ம கணக்குல ஓரம் எங்கே இருக்கு?”

 எங்கள் கணக்கில் ஓரமே கிடையாது. வரிசையின் கடைசி அணுவுக்கு அடுத்தது யார் என்ற தொல்லை வராமல் இருக்க, கடைசி அணுவை முதல் அணுவோடு கோத்துவிடுவோம். பிள்ளைகள் வட்டமாகக் கை கோத்துக்கொள்வது போல எல்லாருக்கும் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். கணக்கு சுலபமாகும். திண்மங்களைக் கணக்கிடுகிற யாரும் அப்படித்தான் செய்வார்கள். அதைச் செய்கிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் மூன்று வருஷம் செய்திருந்தோம்.

“இல்லையே சார்” என்றேன்.

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். சுவரில் எழுதிய ஊகம் தூரமாகப் போகும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு. ஆனால் கண் கலங்கியிருந்தது. அவருடைய மூன்று வருஷக் கோட்பாடு அங்கேதான் விழுந்தது என்பது எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. எங்கள் தலை தப்பியது என்று மட்டும் புரிந்தது.

ஒரு தடவை பார்த்ததை அவர் நம்புகிறவர் அல்ல. காதர் பாய் தன் மச்சானுடைய தையல் கடையிலிருந்து ஒரு பழைய மிதி மெஷினை இரவல் வாங்கி, சக்கரத்தில் ஓர் ஆணியை ஓரமாக அடித்து, அது சுற்றும்போது தட்டு ஒரே சீராக ஆடும்படி செய்து கொடுத்தார். மெதுவாக மிதித்தால் குளிர், வேகமாக மிதித்தால் சூடு. அடுத்து சார் வெளி வரிசைக் குண்டுகளை மட்டும் அவை நின்ற இடத்திலேயே அரக்கு வைத்து ஒட்டச் சொன்னார். ஓரத்தைக் கட்டிப்போட்டாயிற்று. இப்போது மிதித்தால் முன்பு எல்லாம் சிதறிய வேகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கால் வலிக்க மிதித்தேன். உள்ளே இருந்தவை துடித்துக்கொண்டே ஒழுங்காக நின்றன. கடைசியில் எங்கோ நடுவில் ஒன்று எகிறியது, அத்தனையும் ஒரே நேரத்தில் குலைந்தன. எங்கள் கணக்கு சொன்ன ஈயம் அதுதான்.

டில்லிக்காரர் வந்தார். உண்மையிலேயே கோட்டு போட்டிருந்தார். ஐப்பசிப் புழுக்கத்தில் கோட்டு. எங்கள் இருவருக்கும் ஒரு வணக்கம் கூட இல்லை. பீரோவின் மறைவில் நாங்கள் இருப்பதை மறந்துவிட்டாரோ, இருந்தால் என்ன என்று நினைத்தாரோ, சாரிடம் நேராகவே பேசினார்.

“சபேசன், உங்க தியரியில எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த ரெண்டு பேரையும் மாத்திடுங்க. ஆனர்ஸ் படிச்ச பசங்களாப் போடுங்க. கணக்கு திருத்தப்படுதுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க, இன்னும் ரெண்டு வருஷம் நான் வாங்கித் தரேன்.”

 ஒரு வார்த்தைதான். எழுதிக் கொடுத்தால் அவர் கோட்பாடு பிழைக்கும், அறை பிழைக்கும். எங்களைப் பற்றிக் கேட்க யார் இருக்கிறார்கள்? பீரோவின் இடுக்கு வழியே பார்த்தேன். தர்மராசு கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“கணக்குல தப்பு இல்லை” என்றார் சார். “தப்பு என்னுது.”

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கினேன்.

கோட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார் அவரைக் கையைப் பிடிக்காத குறையாகத் தையல் மெஷினிடம் கூட்டிப்போய், “கொஞ்சம் மிதிங்க சார்” என்றார். டில்லிக்காரர் நாலு பக்கமும் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து மிதித்தார். ஓரக் குண்டுகள் ஓடின. மிதிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். மறுபடி மிதித்தார். அடுத்து, அரக்கு வைத்துத் தயாராக இருந்த இன்னொரு தட்டை மாட்டிக் கொடுத்தோம். அவர் மிதிக்க மிதிக்க அது நின்றது. கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மிதித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நடுவில் குண்டு எகிறியபோது, “ஓ!” என்று தெருவில் பம்பரம் விடுகிற பையன் மாதிரி கத்தினார்.

மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: “அப்போ இவங்க போட்டது உருகுநிலையே இல்லையா?”

“இல்லை. ஓரமே இல்லாத ஈயம் எந்தச் சூடு வரைக்கும் தாங்கும்ங்கிற கணக்கு.”

“அப்படி ஓர் ஈயம் உலகத்துல எங்கேயாவது இருக்கா?”

சார் கொஞ்சம் யோசித்தார். “எனக்குத் தெரிஞ்சு இல்லை” என்றார்.

இரண்டு வருஷம் கிடைக்க வேண்டிய இடத்தில் ஒரு வருஷம் கிடைத்தது. ஓரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள் என்ற நிபந்தனையோடு. போகும்போது டில்லிக்காரர் என்னிடமிருந்து கோட்டை வாங்கிக்கொண்டு, “நீங்கதானா அந்தக் கணக்கு?” என்றார். ஆமாம் என்றேன். “நல்லாப் போட்டிருக்கீங்க” என்றார். அன்று மாலை தர்மராசு எங்கள் மூவருக்கும் சேமியா பாயசம் வாங்கி வந்தான். காதர் பாய்க்கும் ஒரு குவளை போயிற்று. அவனுடைய அப்பா அவனிடம் பேச ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான். கோட்டுக்காரர் தையல் மெஷின் மிதித்த கதை யார்டு வரை போய்விட்டதாம், அதை மகன் வாயால் கேட்க அவருக்கு ஆசை வந்துவிட்டது.

ஓரத்தைச் சேர்த்த கணக்கு ஒரு வருஷத்தில் முடியவில்லை. கைப்பிடி சுற்றி முடிகிற கணக்கும் இல்லை அது. சார் கண்டதைக் கண்டபடி ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். எங்கள் விடைகளையும் அப்படியே போட்டு, இது ஓரமில்லாத ஈயத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். உலகத்தில் இல்லாத பொருளைப் பற்றிய கட்டுரையை யார் படிப்பார்கள்? அறையைக் காலி செய்தோம். ஆனால் ‘நல்லாப் போட்டிருக்கீங்க’ என்ற சொல் வீண் போகவில்லை. அடுத்த வேலைக்கு விண்ணப்பித்தபோது டில்லிக்காரரே பரிந்துரை எழுதினார். துளையிட்ட அட்டைகள், அறை நிறைய வால்வுகள், அப்புறம் வந்த கணிப்பொறிகள் என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்து வேலை பார்த்தேன். எண்ணூர் மாப்பிள்ளை வேறு எங்கோ கட்டிக்கொண்டு நன்றாக இருந்தார். நானும் பிறகு கட்டிக்கொண்டேன், என் விருப்பப்படி. தர்மராசு துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் பெரிய பதவி வரை போய் ஓய்வு பெற்றான். சார் நிறைய வருஷம் பாடம் நடத்தினார், நிறையப் பேரை உருவாக்கினார், இறந்தும் போனார்.

இதையெல்லாம் மாலதியிடம் சொல்லி முடித்தபோது அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள்.

“மேடம், உங்களுக்குத் தெரியாதா? அது இருக்கே!”

“எது?”

“ஓரமில்லாத திண்மம். வெளிநாட்டுல சின்னச் சின்ன வெள்ளித் துணுக்கு மேல தங்கத்தைப் பூசிப் பார்த்திருக்காங்க. தங்கம் அவ்வளவு சீக்கிரம் உருகாது இல்லையா, வெள்ளியோட ஓரத்தை அது பிடிச்சிக்குது. வெள்ளி உருக வேண்டிய சூடு தாண்டியும் உருகாம நின்னுச்சாம். உங்க அரக்குக் குண்டு மாதிரியேதான்!”

நான் சாப்பாடு பரிமாறுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். சார் இதைக் கேட்டிருக்க வேண்டும். முதலில் அதுதான் தோன்றியது, மனசு கனத்தது. பிறகு சந்தோஷம் வந்தது, தாங்க முடியாத சந்தோஷம். அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் புரிகிற ஒரே ஆள் வியாசர்பாடியில் இருந்தான்.

மறுநாளே ஆட்டோ பிடித்துப் போனேன். தர்மராசுவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகி, பச்சைத் துணி கட்டி உட்கார்ந்திருந்தான். சுவரில் அதே புத்தர் படம், கீழே டிவி. அவன் மனைவி காஞ்சனா டீ போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளியையும் தங்கத்தையும் சொன்னேன். அவன் டிவியை நிறுத்தினான்.

“இன்னா சொல்ற இஸ்டெல்லா? நெசமாவே அது மாரி ஒண்ணு கீதா?”

“கீது தர்மு. மாலதி சொன்னா. நம்ம கணக்கு உருகாம நின்னுதே, அதே மாரி நிக்குதாம்.”

“அப்போ நம்ம கணக்கு ஒண்ணுமில்லாத சாமானுக்குப் போட்டது இல்ல.”

“இல்ல.”

 கட்டாத கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு நாற்காலியைத் தூக்கி, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

“திரும்பி உக்காரு” என்றான்.

“இன்னாத்துக்குடா?”

“ஈயம். ரெண்டாவது வாட்டி போட்டது. ஞாபகம் கீதா, மறந்துட்டியா?”

மறப்பேனா? வாரக்கணக்காக அதற்காகத்தானே உயிரை விட்டோம். என் நாற்காலியையும் திருப்பிப் போட்டேன். காஞ்சனா டீக் கோப்பையோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

“மூணு” என்றான்.

“மூணு.”

“எட்டு.”

“எட்டு.”

“பூஜ்யம்.”

“பூஜ்யம்.”

“இன்னாங்க இது, ரெண்டு பேருக்கும் இன்னா ஆச்சு?” என்றாள் காஞ்சனா. அவன் கையை உயர்த்தி அவளை அடக்கினான். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான், ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். சத்தம் எங்கேயும் நிற்கவில்லை. புள்ளி வந்தது. அவன் அங்கே கொஞ்சம் நிறுத்தினான். அந்தக் காலத்தில், விடை ஒன்றைத் தாண்டிவிட்டதைச் சொல்லும் இந்த இடத்தில்தான் எங்கள் இருவர் குரலும் தானாகவே இறங்கிவிடும். அன்று அவன் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

“ஒண்ணு!”

“ஒண்ணு” என்றேன் நானும்.